அடிக்கட்டையைப் பிடுங்காதீர்கள்

(படைப்பின் காலத்தையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம். பங்கு மக்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)

வாசகங்கள்: யோபு 14:7-9, 1 அரசர்கள் 21:1-19, லூக்கா 19:1-10

  

செப்டம்பர் முதல் நாள் தொடங்கி, அக்டோபர் 4, அசிசி நகர் புனித பிரான்சிஸ் திருநாள் வரை, படைப்பின் காலம் என்று கடைப்பிடிக்கிறோம். செப்டம்பர் முதல் நாளைப் படைப்பைப் பேணுவதற்கான செப நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு நமக்குத் தந்தார். ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலும் அதே ஆண்டில்தான் வந்தது. இந்த நாள்களில் குருக்கள் நாங்கள் வழக்கமாக என்ன சொல்வோம்? மரம் நடுங்கள் என்போம். நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். கோயில் வளாகத்தில் கன்றும் கொடுத்திருக்கிறேன்.

இன்றைக்கு வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். நட்டாயிற்று, வளர்த்தாயிற்று, மூன்று தலைமுறை காத்தும் ஆயிற்று. ஒருநாள் வேறொருவர் வந்து வெட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குடும்பம் அடுத்த நாள் காலையில் என்ன செய்ய வேண்டும்? நம் விசுவாசம் அந்தக் காலையைப் பற்றி என்ன சொல்கிறது?

அந்தக் குடும்பத்தின் கதை

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அவர்கள் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். நீங்களும் யார் யார் என்று தேட வேண்டாம்.

ஓடைப்பட்டியிலிருந்து மேகமலை அடிவாரத்தை நோக்கிப் போகிற பக்கத்தில் அவர்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் உண்டு. பந்தல் போட்ட திராட்சைத் தோட்டம் வேறு இடத்தில். இது தோப்பு. தாத்தா வைத்த புளிய மரங்கள், தானாக முளைத்த வேம்பும் வாகையும், அப்பா வைத்த தேக்கும் புங்கையும். அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். மூத்த மகன் திராட்சை விவசாயம். இளையவர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். மகளைத் திண்டுக்கல் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூத்தவருக்கு ஒரு வருடம் மழையில் பழம் வெடித்துப் போய்க் கடன் ஏறிவிட்டது. மகளுக்கு நர்சிங் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். பத்துத் தேக்கு மரத்தை மட்டும் கொடுப்பது என்று ஒரு மர வியாபாரியிடம் பேசினார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். முன்பணம் கைமாறியது. எந்த மரம் என்று பெயின்ட் அடிக்கவில்லை, காகிதத்தில் எழுதவும் இல்லை. மாசி மாதம், தவக்காலத் திருப்பயணமாகக் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போனார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது தோப்பில் வெளிச்சம் அடித்தது. எப்போதும் நிழல் கிடக்கிற இடத்தில் வெயில் கிடந்தது.

அன்று சாயங்காலம் அந்த அம்மா பங்கு இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு கிளை. புளியங்கிளை. அதை என் மேசையில் வைத்துவிட்டு அழுதார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. குருக்களிடம் எப்போதும் தயாராக இருக்கிற ஒரு வார்த்தையைச் சொன்னேன்: “அழாதீங்கம்மா, கடவுள் பாத்துக்குவாரு.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “சாமி, கடவுள் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. நாங்கதான் பாக்காமப் போயிட்டோம். எங்க வீட்டுக்காரரு ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாக” என்றார்.

இத்தனை வருடம் இறையியல் படித்தவனுக்கு அந்த அம்மா சொன்ன மறையுரை அது. அதற்கு மேல் நான் பேசவில்லை. “நாளைக்குக் காலையில நானும் வர்றேன், போய்ப் பாப்போம்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் போனோம். ஒவ்வொரு அடிக்கட்டையாக எண்ணினோம். சுண்ணாம்புக் கட்டியால் நான் எண் போட்டேன், அவர் மரத்தின் பெயரைச் சொன்னார். தேக்கு 17, வேம்பு 11, புளி 6, புங்கை 4, வாகை 3. ஆக 41. பேசியது பத்து, போனது 41. லாரி ஏறி இறங்கிய தடம் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழம். ‘தோப்பையேதானே பேசினோம்’ என்பது வியாபாரியின் பதில்.

இதோடு முடிந்திருந்தால் இது மரத்தின் கதை. ஆனால் வெட்டு அடுத்து வீட்டுக்குள் விழுந்தது. இளையவர் அண்ணனைப் பார்த்து, “அண்ணே, நீதான தோப்பை வித்த, இப்ப வெட்டிப்புட்டான்னு நாடகம் போடுறியா?” என்று தெருவில் வைத்துக் கேட்டுவிட்டார். அண்ணன் அதன்பிறகு தம்பி வீட்டு வாசல் மிதிக்கவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. புனித வாரத்தில்கூட அவர் இடம் காலியாகத்தான் இருந்தது.

பங்குனி கடைசியில் ஒரு யோசனை வந்தது. ‘வேரையும் எடுத்துக்கொள்கிறோம், ஜேசிபி வைத்துச் சமப்படுத்தித் தருகிறோம், பிளாட் போட்டு விற்றுவிடலாம்’ என்று சிலர் இளையவரிடம் சொன்னார்கள். அவரும் சம்மதித்துவிட்டார். ஆசையில் அல்ல, வலியில். “ஃபாதர், அந்தக் கட்டைகளைப் பாக்கவே முடியல. தோண்டி எறிஞ்சுட்டா மனசு ஆறிரும்” என்றார். நாள் குறித்தார்கள். அண்ணனும் ‘எப்படியோ போங்கள்’ என்று கையெழுத்துக்குத் தயாராகிவிட்டார்.

அந்தக் காலையில் ஜேசிபி வந்து வரப்பில் நின்றபோது அந்த அம்மா பெரிய புளியங்கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. மூத்த மகனைக் கூப்பிட்டுக் கேட்டார்: “ஏண்டா, நீ பந்தல்ல கவாத்து பண்றியே, வெட்டுன அன்னைக்குக் கொடியைப் பாத்தா எப்படி இருக்கும்? மொட்டையாத்தான இருக்கும்? செத்துப்போச்சுன்னு அன்னைக்கே புடுங்கி எறியுறியா?”

அதற்குப் பதில் சொல்ல அந்த இரண்டு மகன்களாலும் முடியவில்லை. ஜேசிபி திரும்பிப் போனது.

கவாத்துத் தெரிந்த ஊர்

அன்பானவர்களே, இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற நமக்கு இதைவிடத் தெளிவான உவமை வேண்டுமா? பன்னீர் திராட்சையை 1832-ஆம் ஆண்டு ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் ஓடைப்பட்டியோ விதையில்லாத் திராட்சைக்குப் பேர் போன ஊர். கவாத்துச் செய்து நான்கு மாதத்தில் பழம் பறிக்கிற மக்கள் நாம். வெட்டுக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். ஆண்டவரும் யோவான் நற்செய்தியில், கனி தருகிற கொடியைத் தந்தை கழித்துவிடுகிறார் என்றுதான் சொல்கிறார்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கவாத்துச் செய்கிறவர் கொடியின் நன்மைக்காக வெட்டுகிறார். அந்தத் தோப்பில் நடந்தது கவாத்து அல்ல, அநியாயம். ‘கடவுள்தான் உங்களை இப்படிக் கழித்துவிட்டார்’ என்று அந்த அம்மாவிடம் யாராவது சொன்னால் அது பொய். மனிதர் செய்த பாவத்தைக் கடவுளின் கணக்கில் எழுதக் கூடாது. நாம் சொல்லக்கூடியது இதுதான்: வெட்டியவர் மரத்தின் மேல்பாகத்தைத்தான் கொண்டுபோனார். வேர் இன்னும் நம் நிலத்தில் இருக்கிறது. அதையும் பிடுங்கி எறிவதா, காப்பதா என்பது நம் கையில்.

எதையெல்லாம் பிடுங்காமல் காக்க வேண்டும்? மூன்று வேர்களைச் சொல்கிறேன். நிலத்தில் இருக்கிற வேர், நீதியின் வேர், உறவின் வேர்.

முதலாவது, நிலத்தில் இருக்கிற வேர்

யோபு தம் துன்பத்தின் நடுவில் ஒரு மரத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார். மரத்தை வெட்டினாலும் அதற்கு ஒரு வழி இருக்கிறது, மண்ணுக்குள் வேர் கிழடாகிப் போனாலும் தண்ணீரின் வாசனை பட்டால் போதும், இளங்கன்று போல மறுபடியும் கிளைவிடும் என்கிறார். வயலில் நின்று பார்த்த மனிதர் சொன்ன வார்த்தை அது.

அதனால் இதுபோன்ற இழப்பைச் சந்தித்தவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். வேம்பு, புளி, புங்கை, தேக்கு, வாகை போன்றவை அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். பனையும் தென்னையும் அப்படித் துளிர்க்காது; அங்கே புதுக் கன்றுதான். கட்டை பிளந்து, பட்டை கிழிந்து கிடந்தால் கொஞ்சம் கீழே இறக்கிச் சாய்வாக அறுத்துவிடுங்கள், மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். கட்டையின் மேல் குப்பை கூட்டித் தீ வைக்காதீர்கள். சுற்றி முள் வையுங்கள்; முதல் துளிரை ஆடு கடித்தால் அந்த வருட வளர்ச்சி போச்சு. ஒரு கட்டையில் பத்துத் துளிர் வந்தால், ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்து, அடியில் உறுதியாக நிற்கிற ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுங்கள்.

நிலத்தையும் பாருங்கள். லாரித் தடம் சரிவு வாட்டத்தில் இருந்தால் ஐப்பசி மழையில் அது ஓடையாக மாறிவிடும். வியாபாரிக்கு வேண்டாம் என்று விட்டுப்போன கிளைகளையும் கற்களையும் அந்தத் தடத்தின் குறுக்கே போட்டுத் தண்ணீரை மறியுங்கள். இறுகிப்போன மண்ணைக் கிளறிவிட்டுக் கொள்ளோ தட்டைப்பயறோ விதையுங்கள், மண் மூடிக்கொள்ளும். காய்ந்த தழையை மலைப்பக்கம் குவியலாக விட்டுவைக்க வேண்டாம். கோடையில் ஒரு நெருப்புப் பொறி போதும். நமக்கு மேலே இருப்பது சாதாரண மலையும் அல்ல. வைகை பிறக்கிற மலைத்தொடர் அது. 2021-ல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. நம் தோப்பில் நிற்கிற ஒவ்வொரு மரமும் அந்த மலையின் கடைசிப் படிக்கட்டு.

இரண்டாவது, நீதியின் வேர்

‘சாமி, நீங்களே சொல்லுங்க, மன்னிச்சு விட்டுருவோமா?’ என்று அந்த அம்மா ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. மன்னிக்க வேண்டும். ஆனால் மன்னிப்பது என்றால் நடந்ததை மூடி மறைப்பது அல்ல.

நாபோத்தை நினைத்துப் பாருங்கள். இஸ்ரியேலில் அரண்மனைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. ஆகாபு அரசன் அதைக் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது பணம் தருகிறேன் என்றான். நாபோத்து விலை பேசவில்லை. மூதாதையர் வழி வந்ததை விற்க முடியாது என்றார். ஈசபேல் பொய்ச்சாட்சி வைத்து அவரைக் கல்லால் எறிந்து கொன்றாள். அரசன் தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போனான். விஷயம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த அந்த இடத்தில்தான் கடவுள் எலியாவை அனுப்பினார். அரசன் நின்ற தோட்டத்துக்கே அனுப்பினார். நடந்ததை அவன் முகத்துக்கு நேரே சொல்ல வைத்தார். உண்மையைச் சொல்வது பழிவாங்குவது அல்ல, அது இறைவாக்குப் பணி.

நம் காலத்திலும் ஒரு மனிதர் இருந்தார். கிறிஸ்தவர் அல்ல, ஆனால் அவரிடம் நாம் கற்றுக்கொள்ள இருக்கிறது. கேரளத்தில் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு. கூடலூர்க் காடுகள் ஒரு காலத்தில் அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தவை. நம் லோயர் கேம்ப் பக்கத்துக் கூடலூர் அல்ல, நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். பின்னர் அந்தக் காடுகள் குடும்பத்தின் கையைவிட்டுப் போய்விட்டன. முன்னோர் காத்த மரங்கள் கண்முன்னே வெட்டப்படுவதைக் கண்டு அவர் மனம் நொந்தார். 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். காட்டை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. வெட்டுவதை நிறுத்துங்கள் என்று கேட்டார்.

1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. காடு என்றால் அகராதி சொல்கிற பொருளில் காடுதான், அது யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் சரி, 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்றது. ஒரு மலைக்காட்டுக்காகப் போட்ட வழக்கு நாட்டின் காடுகள் எல்லாவற்றுக்கும் வேலியானது. கோதவர்மன் 2016-ல் தம் 86-ஆவது வயதில் இறந்தார். அப்போதும் அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. தனக்கென்று ஒரு மரம்கூடத் திரும்பக் கிடைக்காத வழக்கில் இருபது வருடம் பெயர் கொடுத்து நின்றவர் அவர்.

அவருடைய வழக்கில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ‘யாருக்குச் சொந்தமாக இருந்தாலும்’ என்ற வார்த்தை சொந்தக்காரரையும் கட்டுப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் தனியார் காடுகளுக்கு 1949-லிருந்தும், மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லிருந்தும் பாதுகாப்புச் சட்டங்கள் உண்டு. அறிவிக்கப்பட்ட இடங்களில் பட்டா நம் பெயரில் இருந்தாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். நிலம் என் பெயரில் இருக்கிறது, அதனால் எதுவும் செய்வேன் என்று சொல்ல விசுவாசிக்கு உரிமை இல்லை. நிலம் ஆண்டவருடையது, நாம் குடியிருப்பவர்கள் என்று லேவியர் நூலும் சொல்கிறது.

சரி, பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன செய்யலாம்? எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டையின் சுற்றளவையும் அளந்து எழுதி, படம் எடுத்து வையுங்கள். பட்டா, சிட்டா, அடங்கலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவைப் பாருங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே, அங்கே இலவச சட்ட உதவி உண்டு. அந்த அம்மா அப்படித்தான் போனார். இனி மரம் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மரத்துக்கு மரம் எண் போடுங்கள், சாட்சியோடு எழுதுங்கள், வெட்டுகிற நாளில் தோப்பில் நில்லுங்கள்.

மர வியாபாரம் செய்கிறவர்களும் வாள் பிடிக்கிறவர்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நீங்களும் நம் பிள்ளைகள்தான். கூலிக்கு அறுக்கிற தம்பிக்கு எது யாருடைய மரம் என்று தெரியாமலும் இருக்கலாம். ஆனால் தெரிந்தே எடுத்தவர்களுக்கு சக்கேயு ஒரு வழி காட்டுகிறார். அவர் மரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்தார். இறங்கி வந்து வெறுமனே ‘மன்னித்துவிடும்’ என்று சொல்லவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். மீட்பு இன்று இந்த வீட்டுக்கு வந்தது என்று ஆண்டவர் அதற்குப் பிறகுதான் அறிவித்தார். எடுத்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று திருஅவையின் மறைக்கல்வியும் தெளிவாகக் கற்பிக்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருமுன் அந்த வீட்டு வாசலுக்குப் போங்கள்.

மூன்றாவது, உறவின் வேர்

இதுதான் எனக்கு அதிகக் கவலை கொடுத்தது. வியாபாரியோடு வழக்கு நடத்தலாம். அண்ணன் தம்பி வழக்கை எந்த நீதிமன்றம் தீர்க்கும்?

இழப்பு வந்த வீட்டில் கோபம் ஒரு வழி தேடும். தூரத்தில் இருக்கிற வியாபாரியின் மேல் பாய முடியாத கோபம், பக்கத்தில் இருக்கிற அண்ணன் மேல் பாயும். ‘நீ கேக்காம ஏன் பேசின?’ ‘கடன்ல நான் தவிச்சப்ப நீ எங்க இருந்த?’ இரண்டு கேள்வியிலும் உண்மை இருக்கிறது. அண்ணன் தம்பியைக் கேட்டிருக்க வேண்டும். தம்பி அண்ணனின் கடனை விசாரித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்விகளைத் தெருவில் கேட்டால் அது வாள். வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டால் அது மருந்து.

காணிக்கை செலுத்த வரும்போது சகோதரருக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய்யச் சொன்னார் ஆண்டவர். யாருடைய தவறு பெரியது என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. முதலில் போகச் சொன்னார்.

சித்திரையில் ஒருநாள் இளையவர் என்னிடம் வந்தார். “அண்ணன் கோயிலுக்கு வராததுக்கு நாந்தான் காரணம் ஃபாதர். என்ன செய்யட்டும்?” என்றார். நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. “கட்டைக்குத் தண்ணி ஊத்தப் போறப்ப ஒரு குடத்தை அண்ணன் கையில குடுங்க” என்றேன். கொடுத்திருக்கிறார். முதல் நாள் பேச்சே இல்லையாம். இரண்டாம் நாள், ‘இந்தக் கட்டைக்கு முள்ளு பத்தாது’ என்றாராம் அண்ணன். பேச்சு அங்கே துளிர்த்தது.

இன்றைக்கு அந்தத் தோப்பு

போன வாரம் நான் மறுபடியும் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. 41 கட்டைகளில் 29 துளிர்த்திருக்கின்றன. பன்னிரண்டு காய்ந்துவிட்டன. ஆறு புளியில் நான்கு பிழைத்தது. தாத்தா நட்ட மிகப் பெரிய புளி, அந்த அம்மா ஜேசிபிக்கு முன் உட்கார்ந்தாரே, அது துளிர்க்கவில்லை. அந்த நிழல் அவர் காலத்தில் திரும்பி வராது. அது அவருக்கும் தெரியும். வழக்கு முடியவில்லை. அண்ணனும் தம்பியும் பேசுகிறார்கள், ஆனால் பழையபடி சிரிப்பதில்லை. அண்ணன் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார். கடைசி பெஞ்சில் உட்காருகிறார். வரட்டும். துளிர் முன்னே வர நாளாகும்.

அந்தக் காய்ந்த புளியங்கட்டையை எடுத்துவிடலாமே என்று கேட்டேன். “கிடக்கட்டும் சாமி. தண்ணி ஊத்த வர்றவுக உக்கார ஒரு இடம் வேணும்ல” என்றார்.

அன்பானவர்களே, யோபு மரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டார் என்று சொன்னேன். ஏனென்றால் மரம் வெட்டினால் துளிர்க்கிறது, மனிதன் செத்தால் எழுவதில்லையே என்று அவர் புலம்பினார். யோபுவுக்கு அப்போது விடை கிடைக்கவில்லை. பிறகு எசாயா இறைவாக்கினர் ஈசாயின் அடிக்கட்டையிலிருந்து ஒரு தளிர் வரும் என்று அறிவித்தார். தாவீதின் குலம் வெட்டுண்டு, அரசு போய், வெறும் கட்டையாக நிற்கும் என்றும், அந்தக் கட்டையிலிருந்துதான் மெசியா வருவார் என்றும் சொன்னார். அவர் வந்தார். அவரையும் வெட்டி, ஒரு வெட்டுண்ட மரத்தில்தான் அறைந்தார்கள். மூன்றாம் நாள் அவர் எழுந்தார். யோபுவின் கேள்விக்கு அதுவே பதில். அதனால்தான் நாம் கட்டையைப் பார்த்து ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டோம். அழலாம். எண்ணலாம். நீதி கேட்கலாம். ஆனால் முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒரு வெட்டு விழுந்திருக்கலாம். தோப்பாக இருக்கலாம், தொழிலாக இருக்கலாம், உறவாக இருக்கலாம். இன்று சாயங்காலம் அந்த இடத்துக்குப் போங்கள். எத்தனை போயிற்று என்று எண்ணுங்கள். எந்த வேர் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். முடிந்தால் இன்னொரு குடத்தை யாரோடு பேச்சு நின்றுபோனதோ அவர் கையில் கொடுங்கள்.

செபிப்போம். விண்ணையும் மண்ணையும் படைத்த ஆண்டவரே, வெட்டுண்ட தோப்புகளையும் அவற்றைப் பார்த்து அழுகிற குடும்பங்களையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். எடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிற மனதைத் தாரும். இழந்தவர்களுக்குக் காத்திருக்கிற பொறுமையைத் தாரும். வருகிற மழை எங்கள் மண்ணை அரித்துப் போகாமல் வேரை நனைக்கட்டும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களை ஆசீர்வதிப்பாராக.